பெனடிக்ட் கட்டிய ஒரே ஃபைல்

பெனடிக்ட் போய்விட்டான். காலையில் அவன் மகள் போன் பண்ணிச் சொன்னாள். நாளை பண்டாரவளையில் அடக்கம்.

அழுகையைவிட எரிச்சல்தான் வருகிறது. உலகத்தில் எல்லாத் துறையும் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது என்று இப்போது அதிகாரிகளுக்கு ஸ்லைட் போட்டு கோர்ஸ் நடத்துகிறார்கள். எழுபதுகளிலேயே இந்த மனுஷன் சொன்னான்... எவன் கேட்டான்?

பதுளையில் ஒரே அரசாங்க ஆபீசில் நாங்கள் இரண்டு பேரும் கிளார்க். சனிக்கிழமைகளில் நிர்வாகப் பயிற்சி வகுப்பு. நான் கடைசி பெஞ்சில் தூங்குவேன். அவன் எழுந்து நின்று பேசுவான்.

"லண்டன்ல தேயிலை வெல எறங்குது சார். பூனாகலைத் தோட்டத்துல வேலை நாளக் கொறைக்கிறாங்க. மரியாயி வீட்ல அடுப்பு எரியல, புள்ளைக்குச் சீக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா காலைப் பெரட்டுல ஆளெண்ணுறப்ப இல்லன்னு பேர வெட்டிர்றாங்க. இதுல எது சார் தனி விஷயம்?"

அதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்தான். 'தலைப்பை விட்டு விலகியது' என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. அட போங்கய்யா!

மரியாயி கற்பனை இல்லை. மூன்று பிள்ளைகளோடு தோட்டத்து லயத்தில் ஒற்றை அறையில் இருந்தவள். புருஷனுடைய இலங்கைப் பிரஜாவுரிமை மனு கிடப்பில் கிடந்தது. இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று தினமும் பயம்.

பிரஜாவுரிமை, ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தோட்டச் சம்பளம்... ஐந்தையும் ஒரே ஃபைலில் கட்டி பெனடிக்ட் மேலே அனுப்பினான். சேர்த்துப் பார்த்தால்தான் புரியும் என்றான்.

அவன் லீவில் போன வாரம் தலைமைக் கிளார்க் அந்த ஃபைலை மேஜையில் தூக்கிப் போட்டார். "ஒரு ஃபைலுக்கு ஒரு விஷயம். அஞ்சாப் பிரிங்க." பிரிக்கப்பட்டது.

அப்புறம் என்ன? ஒவ்வொரு பிரிவும் மற்றப் பிரிவின் பதில் வரட்டும் என்று காத்திருந்தது. வருஷக்கணக்கில்!

மரியாயி குடும்பம் பொறுத்துப் பார்த்து, சலித்துப்போய், கண்ணால் கண்டிராத இந்தியாவுக்கே ரயிலேறிவிட்டது. பெனடிக்ட் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினான். என்னையும் கூப்பிட்டான். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் போனில் பேசும்போது திடீரென்று கேட்டான். "ஏன்டா, அந்த அஞ்சு ஃபைல் அட்டையிலயும் இருந்தது ஒன் எழுத்துதானே?"

"சிக்னல் சரியில்லடா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டது. சிக்னலுக்கு ஒரு கேடும் இல்லை.

என் எழுத்துதான், பெனடிக்ட். போய்ட்டு வாடா.