விளக்கெண்ணெய் குடித்த சக்கரங்கள்

எங்கள் மாமாவின் கார் ஓடும்போது அவ்வளவாகச் சத்தம் போடாது. நிற்கும்போதுதான் போடும். பிரேக்கில் கால் வைத்த உடனே நாலு சக்கரமும் சேர்ந்து கிரீச்சென்று அழும். நடந்ததெல்லாம் அந்தச் சத்தத்தால் நடந்ததுதான். அதனால் அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

மாமா என்றால் அம்மாவுக்கு நேர் மூத்த அண்ணன். ஆய்க்குடியில் வயலும் மாடுமாக இருந்தவர். உலகத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. செங்கோட்டைக்கு மேலே மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கார், எப்படியோ மாமா கைக்கு வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம். மேலே வண்டிக் கூடு மாதிரி ஒரு துணிக் கூரை, வேண்டாமென்றால் பின்னால் மடக்கிவிடலாம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வேறு கார்களும் வரும். எல்லாம் ஜமீன் வீட்டுக் கார்கள், தொப்பி வைத்த டிரைவர் ஓட்டி வருவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, தன் காரைத் தானே ஓட்டுகிற மனிதர் நான் பார்த்தவரைக்கும் மாமா ஒருவர்தான். செருப்புப் போட்டால் எவ்வளவு மிதிக்கிறோம் என்பது உள்ளங்காலுக்குத் தெரியாமல் போய்விடும் என்பார்.

நாங்கள் அப்போது ஐந்தருவிக்குக் கொஞ்சம் கீழே குடியிருந்தோம். அப்பா அங்கே ஒரு பழத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்குஸ்தான் காய்க்கிற காலத்தில் எங்கள் பொழுதெல்லாம் குரங்குகளோடுதான் போகும். கவண் கல்லுக்குப் பயப்படாத குரங்குகள், மாமா கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் மட்டும் அடுத்த தோட்டத்துக்குத் தாவிவிடும். அதனாலேயே மாமா வந்தால் அப்பாவுக்குச் சந்தோஷம். ஆனால் அதை ஒருநாளும் மாமாவிடம் சொல்ல மாட்டார். மச்சானைப் புகழ்ந்து பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

மாமா எங்கள் வீட்டில் தங்குகிற நாட்களில், அவர் காரைக் கிளப்புவதைப் பார்ப்பதற்கென்றே நான் விடியுமுன் எழுந்துவிடுவேன். கோயிலில் நடை திறக்கும்போது நிற்பதைப் போலத்தான் நிற்பேன். சக்கரங்களை ஒவ்வொன்றாக முஷ்டியால் குத்திப் பார்ப்பார். காற்று குறைந்திருந்தால் அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். காற்றுக் குறைந்த டயர் சுளுக்குப் பிடித்த மாடு மாதிரி, கூடத் தீனி கேட்கும், பெட்ரோலை அதிகம் தின்னும் என்பார். பிறகு முன் மூடியைத் தூக்கி, ஒரு கம்பியை உருவி, துண்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் எந்த அளவுக்கு நிற்கிறது என்று வெளிச்சத்தில் பார்ப்பார். ரேடியேட்டருக்கு அருவித் தண்ணீர்தான், அதுவும் வேட்டித் துணியில் வடிகட்டியது. எங்களுக்கெல்லாம் வடிகட்டாத தண்ணீர்தான். இதெல்லாம் முடிந்து, முன்னால் ஹாண்டிலைச் செருகி ஒரு சுற்று சுற்றுவார். அந்தப் பெரிய இரும்பு உடம்பு சிலிர்த்துக்கொண்டு எழும்போது என் உடம்பும் சிலிர்க்கும்.

பெட்ரோல் அப்போது சுலபத்தில் கிடைக்காது. சண்டைக்கே எல்லாம் போய்விட்டது. பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை விட்டுக்கொண்டு ஓடின. மாமா பெட்ரோலை நெய் மாதிரி செலவழித்தார். தூரத்தில் ஆடு குறுக்கே வருவது தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிடுவார். ஆடு தாண்டிப் போகவும் கார் மெதுவாகப் போய்ச் சேரவும் சரியாக இருக்கும். இறக்கம் வந்தால் சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிடுவார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிசயம். மாடு இல்லை, எஞ்சின் சத்தம் இல்லை, ஒருவரும் தள்ளவில்லை. கார் தன்னால் போகும். மரத்தில் குருவி கத்துவது கேட்கும். சாமி தேரில் போகும்போது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் அம்மாவுக்கு வளைகாப்பு நடந்தது. தம்பி வயிற்றில் இருந்தான். வளைகாப்பு முடிந்ததும் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். மாட்டு வண்டியில் போனால் குலுங்கும். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்ததால் எல்லோருக்கும் மனதில் பயம் இருந்தது. என் தங்கச்சியை ஒரு குலுக்கல் இல்லாமல் ஆய்க்குடியில் கொண்டுபோய் இறக்குவது என் பொறுப்பு என்று மாமா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். முதல் நாள் சாயங்காலமே அத்தையைக் கூட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கினார். கார் வாசலில் நின்றபோது வழக்கம்போல அழுதது.

அப்பா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன மச்சான், அச்சு காஞ்சு கெடக்கு. வாயில்லா வண்டி இப்படிக் கத்துது, காதுல விழலையா? எங்க ஊர்ல இப்படி வண்டி ஓட்டுதவனுக்கு ஒருத்தனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

வெளியாட்களுக்கு இது சாதாரணக் கேலி. சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, இது முகத்தில் அடித்த மாதிரி. வண்டி அச்சுக்கு மை போடாமல் சக்கரத்தைக் கத்தவிட்டுத் தெருவில் வருகிறவனை எங்கள் பக்கத்தில் கையாலாகாதவன் என்பார்கள். மாமா காப்பி குடித்துவிட்டு வெளியே போனார். ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினார். உள்ளே சட்டி கவிழ்த்த மாதிரி ஓர் இரும்பு மூடி இருந்தது. சத்தம் அதற்குள்ளேயிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அதுவரைக்கும் சரிதான். அம்மாவின் பிரசவத்துக்காக எடுத்து வைத்திருந்த விளக்கெண்ணெயை அத்தையிடம் கேட்டு வாங்கினார். பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையில் ஊற்றி, அந்த மூடியின் இடுக்கு வழியாக நாலு சக்கரத்துக்கும் ஒன்றுபோலப் புகட்டினார். ஒரு மாட்டுக்குக் கொடுத்து ஒரு மாட்டுக்குக் கொடுக்காமல் இருக்க அவருக்கு மனம் வராது.

மூடிக்குள் இருந்தது அச்சு இல்லை, பிரேக். சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிற கட்டை அங்கேதான் இருக்கிறது. அதில் எண்ணெய் பட்டால் பிடி வழுக்கிவிடும். இது அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. காரைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்த மாமாவுக்கும் தெரியாது.

காலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. முன்னால் மாமாவும் அப்பாவும், பின்னால் அம்மா, அத்தை, நடுவில் நான். அம்மாவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அப்பா மடியில் புளிச்சாதச் சட்டி. தோட்டத்து வாசலில் மாமா ஒரு தடவை பிரேக்கை மிதித்துப் பார்த்தார். தரை சமமாக இருந்ததால் கார் மெல்ல மெல்ல ஊர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது.

"பூ மாதிரி நிக்கு, பாத்தீரா மாப்ளே?"

"இப்பதான் சம்சாரி வண்டி மாதிரி இருக்கு" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

சாலை இறங்கத் தொடங்கியது. மாமா சாவியைத் திருப்பினார். சத்தம் அடங்கியது. கார் சாரலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. முன்பெல்லாம் போனதைவிட வேகமாகப் போனது. இரண்டு பக்கமும் தென்னைகள் ஓடின. நான் எழுந்து நின்றுவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. பின்னாலும் அனுபவித்ததாகத் தோன்றவில்லை, ரயிலில்கூட.

மாமாவின் வெறுங்கால் மிதிப்பதும் எடுப்பதுமாக இருந்தது. கையால் ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தார். அதுவும் அதே கட்டையைப் பிடிக்கிறதுதான் என்று இப்போது தெரிகிறது. கியரைத் தள்ளினார். அது கரகரவென்று பல்லைக் கடித்ததே தவிர உள்ளே விழவில்லை. கீழே, சாலை திரும்புகிற இடத்தில், அருவிக்குப் போகிற கூட்டம் வந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த ஆட்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு கூண்டு வண்டி. அப்பா கையை நீட்டி, ரப்பர் ஹாரனை விடாமல் அமுக்கினார்.

அம்மா கத்தவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டு, "அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

"புடிச்சுக்கோ தாயி" என்றார் மாமா.

வலது பக்கம் வயல். நடவுக்குத் தொளி அடித்து, முழங்கால் அளவுக்குச் சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. நாற்று இன்னும் நடவில்லை. சாலையும் வயல் வரப்பும் கிட்டத்தட்ட ஒரே மட்டமாக வருகிற ஓர் இடத்தில் மாமா ஸ்டீரிங்கை ஒடித்தார்.

கார் வரப்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் சேற்றுத் தண்ணீர் எழுந்தது. சாதாரணமாக எழவில்லை, கருடன் சிறகு விரித்த மாதிரி எழுந்தது. வரப்பில் நின்ற கொக்குகளெல்லாம் பறந்தன. அந்த இரண்டு சிறகுக்கும் நடுவில் நாங்கள் போனோம். அடித்து நிற்கவில்லை. எருமை குளத்தில் படுக்கிற மாதிரி, மெல்ல அமுங்கி, அமுங்கி, வயல் நடுவில் கார் உட்கார்ந்துவிட்டது.

அத்தை அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் வளையல்களைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை. புளிச்சாதம் மட்டும் அப்பாவின் மார்பெல்லாம் அப்பிக் கிடந்தது.

வரப்பில், சேற்றைச் சமப்படுத்துகிற பரம்புப் பலகையோடு மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்ற உழவுக்காரர் பயம் தெளிந்து கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பரம்படிக்க நான் மாட்டத்தான கொண்டாந்தேன். நீங்க காரயே கொண்டாந்துட்டியளே."

யாரும் சிரிக்கவில்லை. மாமா ஸ்டீரிங்கை விடவே இல்லை. அப்பாதான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். காரின் மேல் அவ்வளவு ஆசை, விட மனமில்லை என்று நான் நினைத்தேன்.

உழவு மாடுகளைப் பூட்டிக் காரை வெளியே இழுத்தார்கள். மாமா ஒரு சக்கரத்தைக் கழற்றி, மூடிக்குள் விரலை விட்டு மோந்து பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எண்ணெ விட்டது நாந்தான மாப்ளே."

அப்பா அவர் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தார். "சத்தம் போடுதுன்னு சொன்னது நான்லா மச்சான்" என்றார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததே இல்லை. காருக்கு உடம்பு சரியில்லை போல என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா ஆய்க்குடிக்கு மாட்டு வண்டியில்தான் போனாள். மாமா வண்டியில் ஏறவில்லை. இலஞ்சி தாண்டி, தென்காசி தாண்டி, வழி முழுக்க மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து முன்னால் நடந்தே வந்தார். கார் இருக்கும்போது எதற்கு நடக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். மாமா அந்தப் பிரேக் கட்டைகளை வெளியே எடுத்து, எண்ணெய்த் தலைக்குச் சீயக்காய் தேய்க்கிற மாதிரி தேய்த்து, வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினார். அதற்குப் பிறகு எந்த இறக்கத்திலும் அவர் எஞ்சினை அணைக்கவில்லை. பெட்ரோல் இல்லையென்றால் காரை எடுக்காமல் நடந்து போனார். கூடவே சத்தமும் திரும்பி வந்தது. முன்னைவிடப் பலமாக வந்தது. தெருமுனையில் கார் நிற்கிறபோதே வீட்டுக்குள் கேட்கும். நாங்கள் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வோம். தம்பியை மடியில் வைத்திருக்கும் அம்மா மட்டும் கண்ணை மூடி, அதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் திறப்பாள்.

எங்கள் மாமா தண்ணீர்மேல் கார் ஓட்டினார் என்று ஊரெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கருடச் சிறகையும் சொல்வேன். மாமா காதில் விழுந்தால் எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுவார். பெருமையைக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று எனக்கு இன்னும் மரியாதை கூடியது. ஒருநாள், சக்கரச் சத்தத்தால் அவருக்கு வந்த சங்கடத்தைத் தீர்த்துவைக்கலாம் என்று, நானே போய் அடுப்படியிலிருந்து விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து நீட்டினேன்.

மாமா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். என் தலையில் கை வைத்தார்.

"கத்தட்டும்லே மருமவனே. அது கத்தட்டும்."

சேற்றில் சிறகு விரித்துக் கார் ஓட்டத் தெரிந்தவருக்கு, ஒரு சக்கரத்தின் சத்தத்தை அடக்கத் தெரியவில்லையே என்று, உலகத்திலேயே கெட்டிக்காரரான என் மாமாவை நினைத்து எனக்கு அன்றைக்கு ரொம்பப் பரிதாபமாக இருந்தது.