ஒற்றைச் செருப்பும் சாம்பார் டப்பாவும்

திருத்தணி மலைப்படிக்குக் கீழே இட்லி விற்கிற ஓர் அம்மா, பக்தர்களின் செருப்பில் ஒன்றை மட்டும் வாங்கி வைத்துச் செய்வினை செய்கிறாள் என்று அரக்கோணம் ரயிலில் பேச்சு. சொன்னவர் படித்தவர், மூக்குக்கண்ணாடி வேறு போட்டிருந்தார். நம்பாமல் இருக்க முடியாது. போய்ப் பார்த்தேன்.

செருப்பு இருந்தது. தள்ளுவண்டிக்கு அடியில், சாக்கின்மேல், பதினேழு. எல்லாம் ஒற்றை. செய்வினைச் சாமான் என்று பார்த்தால் சாம்பார் வெங்காயம்தான்.

வண்டிக்காரி பெயர் சந்திரா. ஐம்பது தாண்டியவள்.

"இன்னாத்துக்கும்மா ஒத்தச் செருப்பு?"

"ரெண்டும் வாங்கினா செருப்பு ஸ்டாண்டுன்னு நெனச்சி டோக்கன் கேக்கறாங்க."

மலையேறுகிறவர்கள் தரிசனம் முடியும்வரை வாயில் எதுவும் போடுவதில்லை. பார்சல் வாங்கிக்கொண்டு ஏறி, சாமி பார்த்துவிட்டு, மேலேயே சாப்பிடுவார்கள். இட்லிக்கு வாழையிலை போதும். சாம்பாரை இருபது வருடமாக மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்தாள் சந்திரா. படியோரப் புதர்கள் கோடையிலும் பூத்திருந்தது அந்தக் கவர்களால்தான். ஒருநாள் நகராட்சி ஆட்கள் வந்து கவர்க் கட்டுகளை அள்ளினார்கள். இன்னொரு முறை பார்த்தால் வண்டி இங்கே நிற்காது என்றார்கள். அவளுக்கு வேறு இடமும் இல்லை, வேறு தொழிலும் இல்லை.

"பாத்திரம் எடுத்தாந்தா ஊத்தறேன்னு சொல்லிப் பாத்தேன். யாரு எடுத்தாறாங்க?"

நியாயம்தான். நகரியிலிருந்து நடந்தே காவடி தூக்கி வருகிறோம். பால்குடம் தூக்கி வருகிறோம். சாம்பார்த் தூக்கு மட்டும் கனக்கிறது.

அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருநூறு எவர்சில்வர் டப்பா கிடந்தது. மகள் அனுசுயாவின் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட வாங்கியது. மூடியில் 'அனுசுயா – டில்லிபாபு' என்று பெயர் வெட்டி, கீழே தேதி. அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்பு மாப்பிள்ளை பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறி, வேறொரு பெண்ணோடு எங்கேயோ இறங்கிவிட்டார். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. சந்திரா டப்பாக்களை வண்டிக்குக் கொண்டுவந்தாள்.

"பொண்ணு ஒண்ணும் சொல்லலியா?"

"ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போறா. லீவுல வந்து பாத்தா. மூடி லூசா இருக்குது, ரப்பர் பேண்ட் போடுன்னா."

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னா. எத்தினி இட்லி, சொல்லுங்க."

முதலில் நம்பித்தான் கொடுத்தாள். ஒரே கிருத்திகையில் முப்பது டப்பா போயிற்று. படியில் ஏறுகிறவர்கள் வேன் பிடித்து ரோட்டு வழியாக இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் செருப்பு. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் செருப்பு.

"நல்ல செருப்புன்னா வந்துடறாங்க," என்றாள். "ஆனா கோயிலுக்குன்னா பிஞ்சதத் தேடி மாட்டிகினு வராங்களே. களவு போவுமாம்."

இருநூறில் அறுபத்தொன்று மீதி.

"அதுவும் தீந்தா?"

"தீந்தா கவரு. கவர்னா வண்டி போவும்." உப்பு போதுமா என்று கேட்கிற குரல்.

நாலு இட்லி வாங்கினேன். வலது செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். இடதைப் படியோரம் விட்டேன். மேலே சாப்பிட்டு முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அரக்கோணம் வேனில் ஓர் இடம் இருந்தது. என் செருப்பும் கோயிலுக்கென்று வைத்திருந்த பிய்ந்த செருப்புதான்.

மூன்று கிருத்திகை போய்விட்டது. சந்திராவிடம் அறுபது இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். டப்பாவில் என் மனைவி கடுகு போட்டிருக்கிறாள்.

"யார் வீட்டுக் கல்யாணத்துல குடுத்தது இது?" என்று கேட்டாள், மூடியைத் திருப்பிப் பார்த்து.

தெரிந்தவர்கள் வீடு என்றேன்.