தொட்டிக்கு வாயு ஊட்டியவர்

ஊரே மூச்சாக வெளியே விடும் கரியமில வாயுவை, சீனி போட்டு வீட்டிலேயே தயாரித்த ஆள் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெரிய சோடா போத்தலில் சீனித் தண்ணீர், அதில் நான் ஆப்பத்துக்கு வைத்திருக்கும் ஈஸ்ட் கொஞ்சம். மூடியில் ஓட்டை போட்டு, அங்கிருந்து மீன் தொட்டிக்குள் ஒரு குழாய். சீனி புளித்து வாயு வரும், தண்ணீருக்குள் இருக்கும் செடி அதைத் தின்று வளருமாம். நான் சாப்பிட்டேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை, செடி சாப்பிட்டதா என்று தினமும் குனிந்து பார்ப்பார்.

கேலி செய்கிறேனே தவிர, அந்தத் தொட்டியை நான் கும்பிடாத குறைதான். நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வேலையையும் விட்ட மனுஷன், மாதக்கணக்கில் சாய்வு நாற்காலியே கதியென்று கிடந்தார். வாசல் கேட்டைத் தாண்ட அவ்வளவு பயம். டாக்டர் நடக்கச் சொன்னால் "நாளைக்குப் போறேன்" என்பார். ரவாங்கிலிருந்து என் அண்ணன் இந்தத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். வெளியே மட்டும் போகமாட்டார். சீனி வாங்குவதும் நான், ரோட்டோரக் கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமை மரத்தடியில் காய்ந்த இலை பொறுக்குவதும் நான். அந்த இலையைத் தண்ணீரில் போட்டால் மீனுக்கு நோய் வராது என்று இங்கே மீன் வளர்க்கிற எல்லாரும் போடுவார்கள்.

வாயு கூடினால் மீன் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பதால் அளவு பார்ப்பார். வாயு கரையக் கரையத் தண்ணீரில் புளிப்பு ஏறும். கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் அந்தப் புளிப்புக்கு ஏற்ற நிறம் காட்டும். நீலம் என்றால் வாயு போதாது, பச்சை சரி, மஞ்சள் ஆபத்து.

திடீரென்று மஞ்சளாகவே காட்ட ஆரம்பித்தது. குழாயைப் பிடுங்கிப் போட்டார். அப்படியும் மஞ்சள். செடிகள் மெலிந்து பாசி படர்ந்தது.

"புளி கரைச்ச கைய உள்ள விட்டியா?" என்றார் என்னைப் பார்த்து.

"நான் ஏங்க விடப்போறேன்? மீனப் பாருங்க, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி குஷியா சுத்துது. மூச்சு முட்டுற மீனா இது?"

"மருந்து பொய் சொல்லாதுலா."

பெண்டாட்டி சொல்லலாமாம் பொய், மருந்து சொல்லாதாம்! இரண்டு நாள் கழித்து, முன்பே தொட்டியை விலைக்குக் கேட்டிருந்த கிள்ளான் ஊர்ப் பையன் ஒருவனுக்கு ஃபோன் போட்டார். "ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்க. எனக்கு எதுவும் ஒத்து வரல" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தார். மறுபடியும் அதில் படுத்தால் இந்த மனுஷனை யார் எழுப்புவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு டம்ளர் பைப் தண்ணீரில் என் விரலை முக்கி, "இதுல சொட்டு விடுங்க" என்று நீட்டினேன். நீலம். கொல்லையில் புது இலை ஊறிக்கொண்டிருந்த வாளி கண்ணில் பட்டது. அதையும் தூக்கிவந்து அவர் காலடியில் டொக்கென்று வைத்து, "இதுலயும் விடுங்க" என்றேன். அலுத்துக்கொண்டே விட்டார்.

நல்ல மஞ்சள்.

"இதுல கேஸே இல்லயே" என்றார். தொட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "அடச்சே, போட்டுப் போட்டுச் சேர்ந்துபோன எலையோட புளிப்பு! அத கேஸுன்னு நெனச்சு செடியப் பட்டினி போட்டுட்டேனே!"

என்னிடம் ஒரு மன்னிப்பு? மூச்! "சீனி இருக்கா?" என்றுதான் கேட்டார்.

"தீந்துபோச்சு. இருங்க, வாங்கிட்டு வரேன்."

"நீ மொதல்ல தொட்டியில இருக்கிற எலையெல்லாம் எடுத்து வெளிய போடு. நானே போறேன்."

செருப்பை மாட்டினார். கேட் திறந்தது. வாயைத் திறந்தால் திரும்பிவிடுவாரோ என்று நான் மூச்சுகூட விடவில்லை.

அவர் தெரு முனை திரும்பிய கொஞ்ச நேரத்தில் கிள்ளான் பையன் லோரியோடு வந்து நின்றான்.

"ஆன்டி, தொட்டி எடுக்க வந்தேன்."

"கொடுக்கிறதா இல்லப்பா."

"அங்கிள்தான் வரச் சொன்னாரு. அவரக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"அவரு வீட்ல இல்லப்பா. கடைக்குப் போயிருக்காரு."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பையன் பயந்துபோனான்.

"கடைக்குத்தானே போயிருக்காரு, ஆன்டி?"