சிறிய திரையில் வராத பத்தி

பெரிய அட்டவணைகளைச் சின்னத் திரைக்குள் அடக்குவது சுமியின் வேலை. இன்றைக்கு இது ஒரு காரியமே இல்லை. 2009-ல் அப்படியில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கல்யாணப் பந்தி மாதிரி நீண்டு கிடக்கும் அட்டவணையை ஃபோனில் திறந்தால் இடதுபக்கம் ஒன்றிரண்டு பத்திகள் தெரியும். மிச்சமெல்லாம் வலதுபக்கம் திரைக்கு வெளியே போய்விடும். விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பத்திக்குப் போய்ச் சேரும்போது, அது யாருடைய வரிசை என்பதே மறந்திருக்கும். சுமி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று ஒவ்வொரு பத்திக்கும் ஓர் எண் கொடுப்பாள். திரை குறுகக் குறுக, முக்கியமில்லாதவை ஒவ்வொன்றாக மறையும். ஆளின் பெயரைத் தொட்டால் மறைந்ததெல்லாம் கீழே விரியும்.

பாறசாலைக்காரி. ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் தாசையனின் மகள். ஒரு நாளைக்குப் பேசுவதை எண்ணிவிடலாம். நான் பத்மஜா, அவளுக்கு அடுத்த நாற்காலி. அவள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே கரமனையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கழக்கூட்டம் போய்வந்தவள். டெஸ்டர் என்று அதற்குப் பெயர். எனக்கு வாய் நீளம், அவளுக்குக் காது நீளம். ஒத்துப்போயிற்று.

அந்த வருஷம் கோடையில் சுமி பிரசவத்துக்குப் போனாள். குழந்தை இறந்து பிறந்தது. அவள் திரும்பி வருவதற்கு முன்பே ஆபீஸ் முழுக்கச் செய்தி வந்துவிட்டது. ஆனால் வந்த அன்று காலையில் அவளுடைய மெயிலைத் திறந்தால், தாயானதற்கு வாழ்த்து, பலூன் படத்தோடு. யாரும் அனுப்பவில்லை. பிரசவ லீவ் முடிந்து வருகிற பெண்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தானாக அனுப்புவது. அதை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் எல்லோரும் அவளிடம் மழையைப் பற்றிப் பேசினோம். கேன்டீன் புட்டைப் பற்றிப் பேசினோம். ஊட்டிக்குப் போய்வந்தவளை விசாரிக்கிற அளவுக்குக்கூட அவளை யாரும் விசாரிக்கவில்லை. நான் உட்பட. அவளும் மழை என்றால் மழை, புட்டு என்றால் புட்டு. வேலையில் ஒரு பிசகு கிடையாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடையதோ போல இருக்குமே, நாள் முழுக்க அப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அது ஐ.டி. கம்பெனிகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம். சுமியின் கணவன் சஜி துபாயில் வேலை போய்த் திரும்பி வந்திருந்தான். வீடு இவள் சம்பளத்தில் ஓடியது. அப்போதுதான் எங்கள் டீம் லீடர் சுமந்த் ஒரு வேலையைக் கொண்டுவந்தான். ஊழியர்கள் எல்லோருடைய அட்டவணை. பெயர், சேர்ந்த வருஷம், புராஜெக்ட், கடந்த ஆறு மாதத்தில் வேலை செய்த மணிநேரம், கடைசியில் ரிமார்க்ஸ். மும்பை டைரக்டர் எப்போதும் பயணத்தில் இருப்பவர், ஃபோனில்தான் பார்ப்பார், அதற்குள் அடங்க வேண்டும். எதற்கு என்று சுமந்த் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். மணிநேரம் குறைந்தவர்களை அனுப்பப் போகிறார்கள் என்பது வாசல் செக்யூரிட்டி வரை தெரியும். நம் தலையைச் சீவ நம்மிடமே கத்தியைத் தீட்டக் கொடுக்கிறார்கள் என்று நான் பொருமினேன். தெரியும் என்றாள் சுமி.

குறைந்த மணிநேரம் மேலே வரும்படி கேட்டிருந்தார்கள். லீவில் இருந்ததால் முதல் வரிசையே சுமிதான். அதன் ரிமார்க்ஸில் யாரோ சிரத்தையாக அடித்து வைத்திருந்தார்கள்: மெட்டர்னிட்டி லீவ். அவள் ஏதாவது ஒன்றை மாற்றுவாள், பக்கத்தைப் புதுப்பிப்பாள், முதலில் அந்த வார்த்தை வந்து நிற்கும். ஜன்னலைக் குறுக்குவாள், அகட்டுவாள், திரும்பவும் அதுவே. மத்தியானம் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு வந்த பிறகு, முதலில் மறையும்படி ரிமார்க்ஸுக்குக் கடைசி எண்ணைக் கொடுத்தாள்.

ஏன் என்று கேட்பது என் வேலை என்பதால் கேட்டேன். நீளமான எழுத்து, அகலத்தைக் கெடுக்கிறது என்றாள். அதுவும் நிஜம்தான். ஃபோனில் திறந்து பார்த்தேன். பெயரும் மணிநேரமும் மட்டும், துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் போகிறவர்களின் பட்டியல் வந்தது. அதில் சுமி இருந்தாள். சுமந்துக்கு முகம் வெளுத்துவிட்டது. மெட்டர்னிட்டி லீவில் இருந்தவர்களைத் தொடக்கூடாது என்று கம்பெனியிலேயே விதி உண்டு. விசாரித்ததில், டைரக்டர் ஏதோ ஏர்போர்ட்டில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்து முடிவு செய்திருக்கிறார். ஒரு பெயரையும் தொட்டுப் பார்க்கவில்லை. சுமந்த் எங்கள் இருவரையும் மீட்டிங் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். வலியசாலைப் பையன், நல்லவன். அவளைக் கேட்காமல் அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை.

"மெயில் ரெடியா இருக்கு, சுமி. மெட்டர்னிட்டி லீவ்ல இருந்தாள்னு ஒரே ஒரு வரி. அதைப் பாத்தா லிஸ்ட்லேர்ந்து உன் பேரை எடுத்துடுவா. நீ சரின்னு சொன்னா போறும், இப்பவே அனுப்பிடறேன்."

உடம்பு சரியில்லை என்று போட முடியாதா என்று கேட்டாள். முடியாது, அதற்கு விதி இல்லை, இந்த வார்த்தைக்குத்தான் உண்டு என்றான். அவள் அவனுடைய லேப்டாப்பில் இருந்த அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அனுப்பாண்டாம், சுமந்த். செத்த பிள்ளயக் காட்டி எனக்கு ஒரு வேல வேண்டாம்."

அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். அவள் அசையவில்லை. சாயங்காலம் அவளுடைய கார்டை வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹைவே பஸ் ஸ்டாப் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். ஊரில் பாதிப்பேர் வேலைக்காகக் காலில் விழுகிறார்கள், இவளுக்கு ஒரு வரி கனத்துவிட்டது. சஜி என்ன செய்வான், வீடு எப்படி ஓடும், யாருக்காக இந்த வீம்பு என்று கேட்டேன். லாரிகள் போகிற இரைச்சலில் பாதி அவளுக்குக் கேட்டிருக்காது. இருந்தாலும் நான் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"பொம்பளப்பிள்ளயாக்கும், பத்மஜா," என்றாள். "இங்க ஒருத்தரும் கேக்கல்ல."

கிழக்கேகோட்டை பஸ் வந்தது. அவள் ஏறுவதற்குக் கால் எடுத்தபோது, அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பேர் வெச்சிருந்தியோ?"

"அக்சாள்," என்றாள்.

அதைச் சொன்னதும் அவள் வாய் கோணியது. திரும்பி வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. நாங்கள் ஏறவில்லை.