வாலிலிருந்து மூக்கு வரை ஒரு விமானம்

புதிதாக வார்த்த அலுமினியச் சட்டியில் வைக்கிற முதல் கஞ்சிக்கு ஒரு வாடை உண்டு. மழையில் நனைந்த ஜன்னல் கம்பியை நாக்கால் தொட்டுப் பார்த்தால் வருகிற வாடை அது. அந்த முதல் கஞ்சியை அம்மா வாசலில் கொட்டிவிடுவாள். ரேஷனில் அரிசிக்குப் பதிலாக ‘போபோ’ என்கிற, எவ்வளவு வேகவைத்தாலும் பல்லுக்கு அடங்காத தானியம் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எதையும் வீணாக்காத அம்மா அதை மட்டும் கொட்டுவாள். “ஆகாசத்துல பறந்தது. வயித்துக்குள்ள போனா சும்மா கெடக்காது” என்பாள். பாதி வேடிக்கை, பாதி உண்மை. டான் சோன் நாட் விமான நிலையத்து வேலிக்குப் பின்னால், எங்கள் சந்தில் வார்த்த சட்டி, கரண்டி, தலைவாரும் சீப்பு எல்லாமே முன்பொரு காலத்தில் பறந்தவைதாம்.

போர் முடிந்து, சைகோன் வடக்கு வியட்நாமியர் கைக்கு மாறிய பிறகு பிறந்தவன் நான். செட்டியார்கள் கடைகளைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த பாண்டிச்சேரிக்காரர்களும் போயிருந்தார்கள். காரைக்காலிலிருந்து சிறுவயதில் கப்பலேறி வந்து, ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் காய்ச்சி, பிறகு விமான நிலையத்தில் மூட்டை தூக்கிய அப்பாவுக்குப் போக வழியும் இல்லை, போய்ச் சேர இடமும் இல்லை. அதனால் அவர் தங்கிவிட்டார். மூட்டை தூக்கும் வேலை நின்றதும், ‘கோ நாம்’ என்று சந்து முழுவதும் அழைத்த அம்மையாரின் வார்ப்புப் பட்டறையில் சேர்ந்தார். கோ நாம் என்றால் ஐந்தாம் அத்தை. தெற்கத்தி வியட்நாமியர் பிறந்த வரிசையைத்தான் பெயராக வைத்துக்கொள்வார்கள். கழுத்தில் கட்டம் போட்ட துண்டும் வாயில் வெற்றிலையுமாக, கான் தோ ஆற்றங்கரை வயல்களிலிருந்து வந்தவர். அவருக்கும் எழுத்து தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்பு, பிற்பகல் நேரம்.

ஒரு வருடம் மழைக்காலம் முடிந்ததும் பட்டறைக்கு ஒரு முழு விமானமே வந்தது. அதுவரை துண்டு துண்டாகத்தான் வரும்; இது இறக்கைகளை மட்டும் கழற்றி லாரியில் ஏற்றப்பட்டு, சந்துக்குள் நுழைய முடியாமல் இரண்டு வீட்டுக் கூரைகளை இடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. அதற்கு வால் இரண்டு. அப்பா அதைப் பார்த்ததும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, “இந்த ‘அவியோன’ நான் பறக்கறப்பவே பாத்திருக்கேன்” என்றார். விமானத்துக்கு அவரிடம் அந்தப் பிரெஞ்சுச் சொல்தான் இருந்தது.

அதன் கதையைப் பின்னாளில் நூலகத்தில் தேடிப் படித்தேன். உலகப்போர் முடிந்த கையோடு பிரான்சில் செய்த இரட்டை எஞ்சின் விமானம். பெயர் ஃப்ளமான், நம் பூநாரை. அதன் எஞ்சின், போர்க்காலத்தில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்து வைத்திருந்தபோது அவர்களுக்காக அங்கே செய்யப்பட்ட ஒன்றின் வழியில் வந்தது; தோற்றுப்போனவனின் எஞ்சினை மாட்டிக்கொண்டு ஜெயித்தவனின் பிள்ளைகள் பறக்கக் கற்றார்கள். வழி கண்டுபிடிக்க, குண்டு குறிபார்க்க, இரண்டு எஞ்சினை ஒரே கையால் அடக்க, இப்படிப் படைக்கு வந்த புதிய பையன்களுக்கு எல்லாவற்றையும் அதில் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். குடியேற்ற நாடுகளுக்கு ஆள் ஏற்றவும் சாமான் ஏற்றவும் சில போயின. அப்படிச் சைகோனுக்கு வந்தவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது இங்கிருந்த புதிய படைக்குக் கொடுத்தார்கள். பிறகு அமெரிக்க விமானங்கள் வந்தன. பூநாரை ஓடுபாதையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து புல்லுக்குள் தள்ளப்பட்டு, யாரோடும் சண்டை போடாமலே இரண்டு ஆட்சிகளைத் தாண்டி எங்கள் பட்டறைக்கு வந்திருந்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் உள்ளே இருந்தது மட்டுந்தான். முன்னால் இரண்டு இருக்கை, இரண்டுக்கும் எதிரே ஒவ்வொரு ‘வொலான்’. கைப்பிடிச் சக்கரத்தை அப்பா அப்படித்தான் சொல்வார். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் தானே திரும்பும்.

வந்த வாரமே அதன் வயிற்றிலிருந்து ஓர் உருளையைக் கழற்றினார்கள். மூடியில் நல்ல பித்தளை. இறுகிப்போன மரையை உலை வாயில் காட்டிச் சூடாக்கித் திருகுவது பட்டறை வழக்கம். கோ நாம் அதை இடுக்கியால் தூக்கியபோது, பள்ளிக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு நின்ற நான் அதில் ஒட்டியிருந்த தகட்டை வாய்விட்டுப் படித்தேன். வியட்நாமிய எழுத்தும் பிரெஞ்சு எழுத்தும் ஒன்றுதான் என்பதால் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற வியாதி எனக்கு இருந்தது, பொருள் தெரியாது. “நே… பாஸ்… சவ்ஃபே” என்றேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, அவர் அதை வாயில் போட்டு மென்று, “ஷோஃபே” என்றார். வெள்ளைக்காரர் வீட்டில் காலை தவறாமல் காதில் விழுந்த சொல்: தண்ணீரை ‘ஷோஃபே’ செய், பாலை ‘ஷோஃபே’ செய். இடுக்கியைக் கோ நாமிடமிருந்து வாங்கி, உருளையை மெதுவாக ஈரமணலில் வைத்துவிட்டு, “சூடு பண்ணாதேன்னு எழுதியிருக்கான்” என்றார். போன மழைக்காலத்தில் பக்கத்துப் பட்டறையில் இப்படி ஓர் உருளை வெடித்து ஒருவருக்குக் கை போயிருந்தது.

அதுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கோ நாம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இந்தக் கறுப்புக் குஞ்சு இனி நாள் முழுக்க இங்கேயே இருக்கட்டும், அவன் கண்ணு, உன் காது, ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்த விமானத்துக்குப் பக்கத்துல போகலாம்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையசைத்தார். மறுநாள் முதல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

ஒவ்வொரு தகடாக நான் படித்தேன், அவர் பொருள் சொன்னார், பிறகுதான் கோடரி விழுந்தது. பிற்பகலில் பள்ளி மணி சந்துவரை கேட்கும். அந்த நேரத்தில் நான் தகட்டைப் படித்தால் தப்பு வரும்; அப்பா அதைக் கவனித்தார். வீட்டில்தான் அம்மா பேசினாள். போபோவை அப்பாவின் தட்டில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமலே கேட்டாள்: “எழுத்து தெரிஞ்சதுக்கு இதுதாங்க பலனா? தெரியாத பயலா இருந்திருந்தா இந்நேரம் கிளாஸ்ல உக்காந்திருப்பான்.”

“இந்த ஒரு அவியோனு முடியட்டும்” என்றார் அப்பா.

“அது முடிஞ்சா இன்னொண்ணு வரும். அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, புல்லு முளைக்கிற மாதிரி கெடக்கு.”

அது சரிதான் என்று எனக்கும் தெரிந்தது. வேலிக்கு அப்பால் அத்தனை விமானங்கள் கிடந்தன, அத்தனையிலும் எழுத்து இருந்தது. என் ஆயுள் முடியும்வரை படித்தாலும் அவை முடியாது. அன்று படுத்துக்கொண்டு யோசித்ததை மறுநாள் காலை, அப்பா கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். “நீங்களே படிச்சுக்குங்கப்பா. நான் பள்ளிக்கூடம் போறேன்.”

அவர் சிரித்தார். “எனக்கு யாருடா சொல்லிக் குடுப்பா?”

“நான்.”

கோடரியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விமானத்தைக் காட்டினார். “வாலு பக்கத்துலேருந்து வெட்டிக்கிட்டு வர்றோம். மூக்குக்கு வர்றதுக்குள்ள எனக்குப் படிக்க வந்திச்சுன்னா நீ போ. வரலேன்னா ஒலைகிட்ட உக்காரு. அப்புறம் அழக் கூடாது.” அதற்குமுன் என்னோடு அவர் எதற்கும் ஒப்பந்தம் போட்டதில்லை.

வகுப்பு நடந்தது விமானத்துக்குள்ளேதான். வேலை தொடங்குமுன் விடிகாலையிலும், கோ நாம் சாப்பிட்டுக் கண்ணயர்கிற உச்சிவேளையிலும். இருக்கைகளின் பின்னால் பெயின்டில் ஏதோ எழுதியிருந்தது. வலப்பக்கத்து எழுத்துகளைச் சேர்த்து நான் ஒலித்ததும் அப்பா, “மொனித்தேர்… சொல்லிக் குடுக்கறவன்” என்றார். இடப்பக்கத்தது ‘எலேவ்’, மாணவன். அப்படியே இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வலப்பக்கத்து இருக்கையில் கால் எட்டவில்லை. முன்கண்ணாடியில் கரித்துண்டால் எழுதினேன். எழுத்துக்குப் பின்னால் பட்டறையின் புகையும் வேலியும் ஆகாயமும் தெரிந்தன.

நல்ல மாணவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ஊகம் அதிகம். முதலெழுத்தைப் பார்ப்பார், அது ஒட்டியிருக்கிற பொருளைப் பார்ப்பார், ஒரு சொல்லை வீசிவிடுவார். தொட்டி போல எதைக் கண்டாலும் ‘எஸான்ஸ்’, பெட்ரோல். பாதி வேளை சரியாகக்கூட இருக்கும், அதுதான் தொல்லை. “எழுத்தைப் பாருங்கப்பா, சாமானைப் பாக்காதீங்க” என்று என் ஆசிரியையின் குரலில் அதட்டுவேன். கோபம் வந்தால் வொலானை இறுகப் பிடித்துத் திருப்புவார். என் பக்கத்து வொலான் என் முழங்காலில் இடிக்கும். எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகும் சொற்கள் அவரிடம் வர மறுத்தன. கடைசியில், “இவனுங்க எழுதறதுல பாதிய முழுங்கிப்புட்டுத்தான் பேசுவானுங்கடா” என்று அவரே கண்டுபிடித்தார்.

வால் போனது. வாலை இழுத்துக் கட்டியிருந்த கம்பிகள் போயின. அதற்குப் பிறகும் இரண்டு வொலான்களும் ஒன்றையொன்று திருப்பிக்கொண்டுதான் இருந்தன. பின்பக்கம் திறந்துகிடந்ததால் கோ நாம் வெளியே நின்றே எட்டிப் பார்த்து, “ஏய், காரைக்காலுக்கா கிளம்பிட்டே? போற வழியில என்னைக் கான் தோ ஆத்தங்கரையில இறக்கிவிடு” என்று சுத்தியலால் தகரத்தைத் தட்டுவார். அப்பா திரும்பாமலே, “டிக்கெட் வாங்கிட்டு ஏறு” என்பார். அதற்காகக் கோ நாம் வேலையைத் தாமதப்படுத்தவில்லை. டெட் என்கிற புத்தாண்டுப் பண்டிகைக்குமுன் சந்தைக்குச் சட்டி போக வேண்டும். கோடரி நாள்தோறும் எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. நானும் விடவில்லை. சோறு ஊட்டுகிறபோது அம்மா தங்கையை அடக்குவதுபோல அவர் முகத்தைக் கையால் திருப்பித் தகட்டின் பக்கம் வைத்திருக்கிறேன். அப்பாவும் விடவில்லை. ஒருநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது, அவர் ஏற்கெனவே போய், முன்கண்ணாடியில் தானாக எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தார்.

மூக்கு மட்டும் மிச்சமிருந்த நாள், கோ நாம் இருக்கைகளுக்குக் கீழே தரைத்தகட்டைப் பெயர்த்தார். உள்ளே யாரும் அதுவரை பார்த்திராத ஒரு சிறு தொட்டி, அதன் மேல் ஒரு தகடு. என்னைத் தோளில் பிடித்துத் தள்ளி நிறுத்திவிட்டு, “நீ வாயைத் திறக்காதே” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, “படி. மரை இறுகியிருக்கு. உலையில காட்டலாமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்” என்றார்.

அம்மாவும் சட்டி தேய்ப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். தொட்டியைப் பார்த்ததும் ‘எஸான்ஸ்’ என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், தகட்டின் முதலெழுத்தோ வேறு.

அவர் குந்தி உட்கார்ந்தார். தகட்டின் தூசியை விரலால் துடைத்தார். முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, நகர்த்தி, அடுத்ததன் மேல் வைத்தார். “ஹு… ய்… லே” என்றார். அப்படி ஒரு சொல் அவருக்குத் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. கோ நாம் இடுக்கியை எடுத்துக்கொண்டார். அப்பா தகட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இன்னொரு தடவை ஆரம்பத்திலிருந்து போனார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது தடவை போனார். பிறகு மெதுவாக, “உய்ல்” என்றார். “வெள்ளைக்காரங்க பச்சைக் கீரையில ஊத்துவாங்க, மேசையில புட்டியில இருக்கும். எண்ணெய். தீயில காட்டாதே.”

கோ நாம் தொட்டியின் அடியில் ஆணியை வைத்து ஓர் அடி அடித்தார். சிவந்த எண்ணெய் நூலாக இறங்கிச் சிமெண்ட் தரையில் பரவியது. அவர் அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, எண்ணெய் பிடிக்க ஒரு சட்டி கொண்டுவரும்படி அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான்.

பள்ளியின் முதல் மணி அடித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை, எண்ணெய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மணியடிச்சிட்டான் பாரு. கௌம்பு. சட்டைய மாத்திக்கிட்டுப் போ.”

அன்று மாலை நான் திரும்பியபோது மூக்கு இல்லை. அடுத்த வாரம் அது சட்டிகளாகச் சந்தைக்குப் போனது. ஒரு சட்டியை அம்மா எங்களுக்கு வைத்துக்கொண்டாள். முதல் கஞ்சியை வழக்கம்போல வாசலில் கொட்டினாள்.

இப்போது அந்தச் சந்து இல்லை. பட்டறை இருந்த இடத்தில் சரக்குக் கிடங்கு நிற்கிறது. கோ நாம் கான் தோ பக்கம் தன் தம்பி வீட்டுக்கே போய்ச் சேர்ந்து, அங்கேயே காலமாகிவிட்டார். அலுமினியச் சட்டிகளின் இடத்தில் எவர்சில்வர் வந்துவிட்டது. நகரத்து அருங்காட்சியக முற்றத்தில் குண்டு போட்ட விமானங்களையும் சுட்ட விமானங்களையும் வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்த பூநாரையைத் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, தமிழ் எழுத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கற்றுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு பென் தான் சந்தைப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போகிறேன். வழியெல்லாம் புதிய பலகைகள். பாதிக்கு மேல் ஆங்கிலம், அவருக்கு அந்தச் சொற்கள் எதுவும் காதில் பழகியதில்லை. இருந்தாலும் ஒன்றையும் விடுவதில்லை. என் முதுகுக்குப் பின்னால் எழுத்தெழுத்தாக ஒலித்துக்கொண்டே வருவார். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினால், என் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

“இருடா, இன்னும் ரெண்டு எழுத்து பாக்கி இருக்கு.”