நான்கு குட்டிகளுக்கு ஒரே தொட்டி

சென்னையில் கடற்கரைச் சவாரி விடும் ஒருவர் போன வருடம் நான்கு குதிரைக் குட்டிகளை எங்களிடம் கொண்டுவந்து விட்டார். என் மனைவிக்கு அவர் தூரத்து அண்ணன் முறை. பழவேற்காடு ஏரிக்கரையில் மேயட்டும், வளர்ந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். மீன் பிடிக்கிறவனுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

உடைந்த ஃபைபர் படகு ஒன்றைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்கினேன். காலையும் மாலையும் ஊறவைத்த கொள்ளையும் தவிட்டையும் அதில் கொட்டுவேன். பெரிய கறுப்புக் குட்டிதான் முதலில் வாய் வைக்கும். வேறு எது பக்கத்தில் வந்தாலும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கழுத்தைக் கடிக்கும், இல்லாவிட்டால் திரும்பி நின்று உதைக்கும். அடுத்த இரண்டும் அடிபட்டாலும் பரவாயில்லை என்று தலையை நுழைத்துவிடும். செம்பட்டை நிறத்தில் இருந்த சின்னப் பெண் குட்டிக்கு மட்டும் அந்தத் துணிச்சல் கிடையாது.

“அந்தச் சின்னதுக்குத் தனியா ஒரு கூடைல வெச்சா இன்னா?” என்றாள் மனைவி.

“அதுக்கும் முறை வரும், சும்மா இரு” என்றேன்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடத்தில் இன்று யார் வலை போடுவது, நாளை யார் என்று ஊர் கூடி முடிவு செய்துவிடும். எவ்வளவு பெரிய ஆளும் அடுத்தவன் பாட்டில் இறங்கமாட்டான். அப்படியே வளர்ந்தவன் நான். குட்டிகளும் நாலு நாள் அடித்துக்கொண்டு பிறகு முறைக்கு வந்துவிடும் என்று நம்பினேன். செம்பட்டை தள்ளிப்போய் நிற்க ஆரம்பித்தபோது, “பாத்தியா, பொறுமை கத்துக்கிச்சு” என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அது பொறுமை இல்லை, பயம். மற்றவை போன பிறகு அது தொட்டியின் ஈரத்தைத்தான் நக்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மாலை, கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் அதன் விலா எலும்பைப் பார்த்துவிட்டு, “இன்னாபா, குதிர வளக்கறியா, கருவாடு காய வெக்கறியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நேராகப் போய்ச் செம்பட்டையின் தலைக்கயிற்றைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துவந்தேன். மற்றவை தின்றுகொண்டிருந்தன. அது நான்கு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு வர மறுத்தது. “தின்னு!” என்று கத்தி, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

கறுப்பு திரும்பியது. செம்பட்டை பின்வாங்கப் பார்த்தது. நான் விடவில்லை. உதை முன்னங்காலில் விழுந்தது. விட்டிருந்தால் ஓடித் தப்பித்திருக்கும். தினமும் அப்படித்தானே தப்பித்துக்கொண்டிருந்தது.

மாட்டு டாக்டர் வந்து பார்த்து, எலும்பு இரண்டாகிவிட்டது, இனி ஒட்டாது என்றார். வலி தெரியாமல் முடித்துவிடலாம் என்று ஊசி போட்டார். நான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். என்ன அழுது என்ன?

சேதி கேட்டு மறுநாள் காலை சவாரிக்காரர் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “கயித்த உருவிக்கினு அதுவே உள்ள பூந்துடுச்சிண்ணா. இவரு கரைல இருந்தாரு.”

அவர் போய்த் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, “விடுபா, உன் மேல இன்னா தப்பு கீது?” என்றார்.

நான் தலையாட்டினேன்.