தலையில்லாத படையும் சயாமா ஞோ ஞோவும்

எங்கள் தெருவில் சயாமா ஞோ ஞோவுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. சயாமா என்றால் டீச்சரம்மா. ஆயுசு முழுக்க மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். மீசை நரைத்த படகுக்காரன்கூட அவர் எதிரே வந்தால் வாயிலிருக்கும் சுருட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஸ்கூல்ல அம்பது பேரு போதாதா? வீட்டுல வேற ஒருத்தனைத் திருத்தணுமா?" என்பார்.

பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். டீச்சர் யூனிபார்மான வெள்ளைச் சட்டையையும் பச்சை லுங்கியையும் மடித்துப் பெட்டியில் வைத்தார். வாசலில் மேஜை போட்டு, காலை வேளையில் ஒட்டரிசிச் சோறும் வேகவைத்த பட்டாணியும் விற்க ஆரம்பித்தார். எங்கள் ஊரான மௌல்மீனில் அந்த வருஷம் ராணுவத்துக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று வேலையை விட்ட வாத்தியார்கள் பலரும் இப்படி எதையாவது விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

எதிர்க்கடை என்னுடையது. பேர் மாசிலாமணி. தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். செல்போன் பழுது பார்ப்பேன், ரீசார்ஜ் போடுவேன். ராணுவம் தடை செய்த இணையப் பக்கங்களைத் திறக்க வழி செய்து கொடுப்பேன். அதனால் ராணுவத்தை எதிர்த்து எங்கள் ஊர்ப் பையன்களின் படை எப்படி முளைத்தது என்று கண்ணால் பார்த்தவன் நான். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்தால் ஒரு குழு. போனில் சேனல். அந்தக் குழுவுக்கு இந்தக் குழுவைத் தெரியாது. உத்தரவு போட ஒருத்தரும் கிடையாது. யாரோ எங்கிருந்தோ ஒரு படம் போடுவார்கள், இவன் துரோகி என்று எழுதுவார்கள். கையில் துப்பாக்கி இருக்கிற எவனுக்கு ரோஷம் வருகிறதோ அவன் கிளம்புவான்.

எனக்கு அதில் ஒரே பெருமை. சாப்பாட்டு வேளையில் என் மனைவி தெய்வானையிடம் அளப்பேன்.

"ஒருத்தனைப் பிடிச்சு நகத்தைப் பிடுங்கினாலும் அவனுக்கு ரெண்டு பேரைத்தான் தெரியும். தலை இருந்தாத்தானே வெட்டுவான்? இதுக்குத்தான் தலையே இல்லையே!"

"தலை இல்லாதது தெருவுல நடந்து வந்தா நீ பெருமைப்படுவியா, கதவைச் சாத்துவியா?" என்றாள் அவள். "வாயை மூடிட்டுச் சாப்பிடு."

அவள் பேச்சை நான் எங்கே கேட்டேன்! அந்த மழைக்காலத்தில் பக்கத்துப் பேட்டையில் வார்டு ஆபீஸ் குமாஸ்தாவை டீக்கடையில் வைத்துச் சுட்டார்கள். மூன்று குழுக்கள் 'நாங்கதான்' என்று போட்டன. பிறகு அந்த ஆள் காட்டிக்கொடுத்தவன் இல்லை, அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன்தான் என்று பேச்சு வந்தது. மூன்று குழுக்களும் பதிவை எடுத்துவிட்டன. செத்தவன் செத்தவன்தான். அன்றைக்குத்தான் தெய்வானையிடம் அளப்பதை நிறுத்தினேன்.

விளக்குப் பண்டிகை வந்தது. எங்கள் ஊரில் அந்தப் பௌர்ணமியை ஒட்டி, படித்தவன் படிக்காதவன் எல்லாரும் பழக்கூடை எடுத்துக்கொண்டு பழைய வாத்தியாரைத் தேடிப் போய் விழுந்து கும்பிடுவார்கள். கும்பிட வந்தவன் கொலைகாரனாக இருந்தாலும் வாத்தியார் ஆசீர்வாதம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வருஷம் பண்டிகையே வேண்டாம் என்று எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். காலையில் ஒரு ராணுவ லாரி வந்து சயாமா வாசலில் நின்றது. பட்டாணி வாங்க நின்றவர்கள் காசைக்கூடக் கொடுக்காமல் ஓடினார்கள்.

இறங்கியவன் பைங் சோ. கூடை முடைகிறவரின் மகன். சயாமாவிடம் மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன். இப்போது சார்ஜென்ட். துப்பாக்கியைக் கூட வந்தவனிடம் கொடுத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றி, நடுத்தெருவில் மண்டி போட்டு மூன்று முறை தரையில் நெற்றி பட வணங்கினான். ஆப்பிள் கூடை ஒன்றை அவர் காலடியில் நகர்த்தினான்.

சயாமாவின் முகம் வெளுத்துப்போனது. எழுந்து உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கையைத் தூக்கி, "உடம்பு நல்லா இருக்கட்டும். மனசும் நல்லா இருக்கட்டும்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "போடா, சீக்கிரம் போயிடு" என்றார்.

சாயங்காலம் படம் வந்துவிட்டது. எந்த மாடியிலிருந்து எந்தப் பாவி எடுத்தானோ! யூனிபார்ம் போட்டவன் குப்புற விழுந்து கிடக்கிறான், சயாமாவின் கை அவன் தலைக்கு மேலே. கீழே எழுதியிருந்தது: 'பட்டாணி விற்கிற சாக்கில் நம் பிள்ளைகளை விற்கும் டீச்சர். தண்டனை நிச்சயம்.'

போனை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"யாரு எழுதினது, மணி?"

"தெரியாது, சயாமா."

"சரி, இவங்களுக்கு ஹெட்மாஸ்டர் யாரு? நான் போய்ப் பேசறேன்."

"ஹெட்மாஸ்டரே கிடையாது, சயாமா."

"கிளாஸ் லீடராவது இருப்பானே?"

"அதுவும் கிடையாது" என்றேன். அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "அப்ப தப்புன்னு யார்கிட்டச் சொல்றது?" என்று கேட்டார். 

அன்றிரவு பொய்ப் பெயரில் அந்த சேனலில் எழுதினேன். இது வணக்கம் சொன்னது, வேறொன்றுமில்லை, வேலையை விட்ட டீச்சர் அவர் என்று. 'நீ யாரு?' என்றது ஒரு பதில். 'பேரு, தெரு சொல்லு' என்றது இன்னொன்று. 'இவனும் அவ ஆளுதான்' என்றது மூன்றாவது. பேரைச் சொன்னால் ராணுவம் என்னைத் தூக்கும். சொல்லாவிட்டால் என் சொல்லுக்கு மதிப்பு ஏது? ஒரு சேனல் மட்டும் நல்ல மனசோடு படத்தை எடுத்தது. அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. எடுக்கச் சொல்லி எத்தனை கதவைத் தட்டுவது? எந்தக் கதவும் கண்ணுக்குத் தெரியவில்லையே!

மறுநாளிலிருந்து பட்டாணி வாங்க ஒரு ஆள் வரவில்லை. வாங்குகிறவனையும் படம் எடுத்துவிட்டால்? அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். அவர் வழக்கம்போலப் பட்டாணி வேகவைத்தார். வெயில் ஏறியதும் நாய்களுக்குக் கொட்டினார். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், கரண்டி கையிலிருந்து விழும். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் பயம்தான். ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்குவதில்லை.

பைங் சோவுக்கு விஷயம் எட்டியது. நல்லது செய்கிறேன் என்று மடையன் என்ன செய்தான் தெரியுமா? சயாமா வீட்டு வாசலில் இரண்டு சிப்பாய்களைக் காவலுக்கு நிறுத்தினான்! தீர்ந்தது. சந்தேகப்பட்டவர்களுக்கும் இப்போது சந்தேகமில்லை. சயாமா துடைப்பத்தை எடுத்து அந்த இரண்டு பேரையும் விரட்டினார். அதைப் படம் எடுக்க ஒரு ஆள் இல்லை.

அடுத்த வாரம் பைங் சோ என் கடைக்கு ரீசார்ஜ் போட வந்தான். எதிரே அவனைப் பார்த்ததும் சயாமா தெருவைக் கடந்து நேரே உள்ளே வந்து ஷட்டரை இறக்கிவிட்டார். இருட்டில் நாங்கள் மூன்று பேர். 

"டேய், என்மேல உனக்கு மரியாதை இருக்கா?"

"என்ன சயாமா இப்படிக் கேக்கறீங்க?"

"அப்ப என்னை அரெஸ்ட் பண்ணு."

அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

"நாளைக்கு சந்தை முனையில நின்னு, ராணுவத்தை எதிர்க்கிறவங்க தூக்கற மாதிரி மூணு விரலைத் தூக்கறேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போ. நாலு பேரு பார்க்கணும். நீ பிடிச்சாத்தான் அவங்க என்னை விடுவாங்க."

"உள்ள என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது, சயாமா." 

"உள்ள போனா எத்தனை வருஷம்னு ஒருத்தன் சொல்லுவான். அது முடிஞ்சா விடுவான். வெளியில எனக்கு அதைச் சொல்ல ஆளு இல்லடா. ராத்திரி தூக்கம் வந்து வருஷமான மாதிரி இருக்கு. பயமா இருக்குடா எனக்கு." சொல்லிவிட்டு அழுதார். தெருவே பயந்த டீச்சரம்மா, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பைங் சோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில், "சரி, சயாமா" என்றான்.

படம் எடுப்பது என் பொறுப்பு. வேண்டாம் என்று தெய்வானை காலைப் பிடிக்காத குறை. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?" என்றாள். 

மறுநாள் சயாமா பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையையும் பச்சை லுங்கியையும் எடுத்து உடுத்திக்கொண்டு சந்தை முனைக்கு நடந்தார். நான் மீன் கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று விரலைத் தூக்கினார். சந்தை அடங்கியது. லாரி வந்தது. பைங் சோவும் இன்னும் நான்கு பேரும் குதித்தார்கள்.

ஓடி வந்தவன் அவரை நெருங்கியதும் என்ன செய்தான்? குனிந்தான். பெரியவர்கள் எதிரே போகும்போது முதுகை வளைத்துக் குனிந்து போவது எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே வருகிற பழக்கம். யூனிபார்ம், துப்பாக்கி, சுற்றிலும் சனம், எல்லாம் மறந்து அந்தப் பாவி குனிந்துவிட்டான். என் விரல் அப்போதுதான் பட்டனை அழுத்தியது. ஐயோ, மறுபடியும் அதே படம்!

சயாமாவும் கவனித்துவிட்டார். "நிமிர்டா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவன் நிமிரவில்லை. குனிந்தபடி அப்படியே நின்றான். அவர் கையை ஓங்கி அவன் கன்னத்தில் பளார் என்று ஒரு அறை விட்டார்.

கூட வந்த சிப்பாய்களுக்கு ஏற்பாடு எதுவும் தெரியாது. அவர்களுக்கு அவர் சார்ஜென்டை அடித்த ஒரு பொம்பளை. ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவர் வாயில் இடித்தான். இன்னொருவன் விழுந்தவரை உதைத்தான். பைங் சோ வாயைத் திறந்தான், மூடினான்.  வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். எத்தனை எடுத்தேன் என்று தெரியாது.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் எல்லா சேனலிலும் ஓடியது. 'வீர சயாமா' என்றார்கள். பூப் படம் போட்டார்கள். தண்டனை நிச்சயம் என்று எழுதிய அதே இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பழையதற்கு ஒருத்தனும் வருத்தம் தெரிவிக்கவில்லை. யார் தெரிவிப்பது? கோர்ட்டில் மூன்று வருஷம் போட்டார்கள். முன்பல் நாலும் போய்விட்டது என்று சோறு கொண்டுபோன தெய்வானை வந்து சொன்னாள். ஆனால் நன்றாகத் தூங்குகிறாராம்.

இப்போதும் கேட்டால், அந்தப் பையன்களால் முடியும் என்றுதான் சொல்வேன். ராணுவத்தால் அவர்களை ஒழிக்க முடியவில்லை, அது நிஜம். நானும் அவர்கள் பக்கம்தான். அவர்களை நினைத்தால் எனக்குப் பயம், அதுவும் நிஜம்.

தீர்ப்பு வந்து மழையும் தொடங்கிய பிறகு, ஒருநாள் காலை இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து என் கடை முன்னால் நிறுத்தினார்கள். அடக்கமான முகங்கள்.

"அண்ணே, எதிர்ல பட்டாணி விக்கிற டீச்சர் இல்லையா?"

 அவசரமாகப் போனை எடுத்து ரத்தப் படத்தைக் காட்டினேன். "ஜெயில்ல இருக்காங்கப்பா. பாரு, எப்படி அடிச்சிருக்கானுங்க பாரு. ஊரே பார்த்த படமாச்சே!"

பின்னால் உட்கார்ந்திருந்தவன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "நாங்க அந்த குரூப்ல இல்லையேண்ணே. எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றான். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, "எப்ப வருவாங்க?" என்று கேட்டான்.

"மூணு வருஷம்" என்று உளறிவிட்டேன்.

"சரி" என்றான். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மூன்று வருஷம் முடிந்து, வருகிற விளக்குப் பண்டிகைக்கு சயாமாவை விடுகிறார்கள். தெய்வானை எதிர்வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறாள். அந்தப் பையன் சொன்ன 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று கேட்க, நானும் இத்தனை நாளாக ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.